மூன்று பெட்டிகளில் ஒரே இசாத்

நானும் அம்மாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, அவள் வேலை செய்த இடத்து டேப் ரெக்கார்டர் ஒன்றின் ரப்பர் பெல்ட்டை மாற்றியது. மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. வெளியே மைனஸ் பதினெட்டு. சமையலறை மேசையில் செய்தித்தாள் விரித்து, பழைய பெல்ட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். ஐம்பது வருட ரப்பர் தாராக உருகிச் சக்கரத்தில் ஒட்டியிருந்தது. அம்மா பஞ்சை ஆல்கஹாலில் நனைத்து நனைத்து நீட்டினாள்.

"புது பெல்ட் எங்கடி வாங்குன?"

"ஜெர்மனியில இருந்து வரவழைச்சேன்."

"ஒரு ரப்பர் வளையத்துக்கு ஜெர்மனியா? கீரைக்கட்டு ரப்பர் ஒண்ணு போட்டா ஓடாதா?"

"ஓடும். இழுபட்டு வேகம் மாறும். பேசுறவங்க எல்லாம் வாத்து மாதிரி பேசுவாங்க."

"அதுல பாதிப்பேரு வாத்துதான். யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க."

பெல்ட் உட்கார்ந்தது. டேப் சுருளை மாட்டி ஓடவிட்டேன். ஒரு பெண்ணின் குரல் வந்தது. பின்னால் கப் சத்தம். அம்மா விரலைத் தூக்கி என்னைப் பேசாதே என்றாள். நான் பேசவே இல்லை.

அந்தச் சுருளை ஒரு காசெட்டில் பதிய வேண்டும். ஹெயிக்கா என்ற பெரியவருக்காக. எங்கள் நார்வே எல்லைக்கு அந்தப் பக்கம், ஃபின்லாந்தில், ஹெத்தாவில் இருக்கிறார். அவர் வீட்டில் காசெட் மட்டும்தான் ஓடும். டேப் ரெக்கார்டருக்கும் காசெட் மெஷினுக்கும் நடுவே கம்பி போட்டேன். முப்பத்தெட்டு நிமிடம். நான் ஒலி அளவு காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா உருளைக்கிழங்கு உரித்தாள். பிறகு மான் இறைச்சிக் குழம்பு சாப்பிட்டோம். நான் என் வீட்டுக்குப் போய்விட்டேன்.

புதன்கிழமை அம்மா இறந்துபோனாள். அறுபத்தேழு வயது. பெயர் ராவ்த்னா. இறுதிச் சடங்கில் வாசிக்க அவளைப் பற்றி எழுதச் சொன்னார்கள். எனக்கு மின்கம்பி வேலைதான் தெரியும். தெரிந்த வரிசையில் எழுதுகிறேன்.

அம்மா பிறந்தது ஒரு பனிமான் கூட்டத்தோடு போகும் குடும்பத்தில். அவளுக்குப் பத்து வயதானபோது அப்பா, இசாத், வசந்தகாலத்தில் ஆற்றுப் பனி உடைந்து பனிச்சறுக்கு வண்டியோடு போய்விட்டார். ஏழு வயதிலேயே அவளை விடுதிப் பள்ளியில் சேர்த்திருந்தார்கள். சாமி எனப்படும் எங்கள் இனத்துப் பிள்ளைகள் அங்கே நார்வே மொழி மட்டும்தான் பேசலாம். அம்மா அதைப் பற்றிச் சொல்வது ஒரே வாக்கியம்: "ரெண்டு வருஷம் பேசாம இருந்தேன், அதுக்கப்புறம் நிறுத்தவே இல்ல." எங்கள் மொழியை எழுதப் படிக்கக் கற்றது முப்பது வயதுக்கு மேல், மாலை வகுப்பில், மடியில் என்னை வைத்துக்கொண்டு. ஒரு விடுதியில் சமையல் வேலை. என் அப்பா ஆல்டா பக்கம் வேறு குடும்பம் பார்த்துக்கொண்டார். நல்ல மனிதர்தான், கிறிஸ்துமஸுக்கு மீன் அனுப்புவார்.

நாற்பது வயதில் அம்மாவுக்குக் காப்பகத்தில் வேலை கிடைத்தது. எங்கள் ஊர் கௌதோகெய்னோவில் புதிதாக ஆரம்பித்த சின்ன ஆவணக் காப்பகம். பழைய ஆராய்ச்சியாளர்கள் கூடாரம் கூடாரமாகப் போய்ப் பதிவு செய்த டேப்புகளைக் கேட்டு, சொல் சொல்லாக எழுதிக் கொடுக்க ஆள் வேண்டும். நேர்காணலில் ஒரு டேப்பைப் போட்டு, கிழவர் என்ன சொல்கிறார் என்று கேட்டார்களாம். படித்தவர்கள் மூன்று பேர் அதற்கு முன்பே முயன்று, ஏதோ பழைய வழிபாட்டுச் சொல்லாக இருக்கலாம் என்று எழுதியிருந்தார்கள்.

அம்மா கேட்டுவிட்டுச் சொன்னாள்: "கதவச் சாத்துடா, குளுருதுங்கறாரு."

அன்றே வேலை உறுதியானது.

அவள் எழுதிய பிரதிகளில் பேச்சு மட்டும் இருக்காது. "நாய் குரைக்கிறது. பெரிய நாய் இல்லை." "யாரோ விறகு போடுகிறார்கள், ஈர விறகு." சில இடங்களில் "இங்கே பொய்." ஆராய்ச்சியாளர்கள் புகார் செய்தார்கள். சிக்ருன் மட்டும் நேரில் வந்து கேட்டாள். சிக்ருன் தெற்கிலிருந்து வந்த நார்வேக்காரி. எங்கள் மொழியை நன்றாகக் கற்றவள். எங்கள் ஆட்களின் வரலாற்றைப் பற்றி ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தாள்.

"பொய்னு எப்படிச் சொல்றீங்க, ராவ்த்னாக்கா?"

"கப்பக் கீழ வைக்காமப் பேசுறாரு பாரு. உண்மை சொல்றவன் கப்ப வச்சுட்டுத்தான் சொல்லுவான்."

"இத நான் அடிக்குறிப்புல போட முடியாதே!"

"போடாத. தெரிஞ்சு வச்சுக்க."

அதற்குப் பிறகு சிக்ருன் ஊருக்கு வந்தால் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. ஆய்வேட்டின் ஒரு பிரதியை அம்மாவுக்குக் கொடுத்தாள். அம்மா அதை ரொட்டி டப்பாவுக்கு மேலே வைத்தாள். படித்தாளா என்று கேட்டதற்கு, "படிச்சேன், எல்லாரும் நீளமா செத்துப்போறாங்க" என்றாள்.

அந்த ஆய்வேட்டில் காக்கைப் பள்ளத்தாக்கைப் பற்றி ஓர் அத்தியாயம் உண்டு. அந்தப் பள்ளத்தாக்கின் தெற்குச் சரிவில் பனி சீக்கிரம் உருகும். மே மாதத்தில் சினைமான்களை அங்கே நிறுத்தி, கன்று போடும்வரை காத்திருப்பார்களாம். மூன்று தனித்தனி முதியவர்கள், மூன்று தனித்தனி ஆராய்ச்சியாளர்களிடம், ஐந்து வருட இடைவெளிக்குள் இதையே சொல்லியிருக்கிறார்கள். மூன்று பேருமே பிளந்த பாறை ஒன்றையும், அதனடியில் கன்று போட்ட வெள்ளை மூஞ்சி மான் ஒன்றையும் குறிப்பிடுகிறார்கள். இத்தனை பொருத்தம் அபூர்வம் என்று சிக்ருன் எழுதியிருந்தாள்.

பதினைந்து வருடம் அந்த அத்தியாயத்தை யாரும் தொந்தரவு செய்யவில்லை. பிறகு அந்தப் பள்ளத்தாக்கில் காற்றாலை வைக்க ஒரு கம்பெனி விண்ணப்பித்தது. எங்கள் மேய்ச்சல் கூட்டத்துக்குத் தலைவர் யோவ்னா மாமா. அம்மாவின் சித்தப்பா மகன். அது எங்கள் பழைய மேய்ச்சல் நிலம் என்று விசாரணையில் காட்ட அவர் கையில் இருந்த பெரிய ஆயுதம் அந்த அத்தியாயம்தான். "மூணு சாட்சிம்மா, மூணு!" என்று கடையில், பெட்ரோல் பங்கில், தேவாலய வாசலில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். காற்றாலை வந்தால் அதிலிருந்து மின்கம்பி இழுப்பது என் அலுவலகம். அதைச் சொல்லிச் சொல்லி என்னைக் கிண்டல் செய்வார்.

போன வருடம் அந்த மூன்று டேப்புகளும் முதன்முறையாக ஒரே இடத்துக்கு வந்தன. அதுவரை மூன்று ஊர்களில், மூன்று பெட்டிகளில் இருந்தவை. கணினியில் ஏற்றுவதற்காக எல்லாவற்றையும் எங்கள் காப்பகத்துக்கு அனுப்பினார்கள். பழைய பிரதிகளை ஒலியோடு சரிபார்ப்பது அம்மாவின் வேலை.

ஒருநாள் வேலையிலிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"திரும்பத் திரும்பக் கேட்டா டேப் தேயுமா?"

"டேப் தேயும். கணினியில ஏத்துனது தேயாது."

"எத்தன தடவ கேட்டாலும்?"

"எத்தன தடவ கேட்டாலும்."

"சரி" என்று போய்விட்டாள். ஒரு வாரம் கழித்துத்தான் சொன்னாள். மூன்று பேரும் ஒருவர். அவளுடைய அப்பா.

நடந்தது இதுதான். முதல் ஆராய்ச்சியாளர் பாதிரியார் வீட்டில் வைத்துப் பேட்டி எடுத்தார். அரசாங்கக் காகிதம் இருக்கும் வீடு, அதனால் தாத்தா காகிதப் பெயரைச் சொன்னார்: இசாக் ஹென்ரிக்சென். இரண்டாவது ஆள் அம்மாவின் பெரியப்பா வீட்டில் பேட்டி எடுத்தார். அங்கே அவர் தகப்பன் வழியில் ஹெந்தரத்தின் இசாத். மூன்றாவது ஆள் ஹெத்தாவில், அவருடைய தாய் வீட்டாரிடம் போயிருந்தபோது. அங்கே அவர் காத்யாவின் இசாத். எங்களில் எவரும் இப்படித்தான் சொல்வோம். யார் வீட்டில் உட்கார்ந்திருக்கிறோமோ அந்த வீட்டுக்குத் தெரிந்த பெயரைச் சொல்வது மரியாதை. தாய் வீட்டில் போய்த் தகப்பன் பெயரைச் சொன்னால், சாப்பாடு போட்டவளை மறந்த மாதிரி. இசாக் என்றாலும் இசாத் என்றாலும் மூன்றிலும் ஒரே பெயர்தானே என்று கேட்டால், அந்தக் காலத்தில் கூடாரத்துக்கு ஓர் இசாத் இருந்தார்.

வெள்ளை மூஞ்சி மான் மூன்று பேட்டியிலும் வந்ததில் ஆச்சரியம் இல்லை. ஒரே மான்.

"எப்படிம்மா உறுதியாச் சொல்ற? உனக்குப் பத்து வயசுலயே அவர் போயிட்டாரு."

"சர்க்கரக் கட்டியப் பல்லுல கடிச்சுக்கிட்டு, காபியத் தட்டுல ஊத்தி உறிஞ்சுறாரு. உறிஞ்சி முடிச்சதும் 'அப்பாடி, உயிர் வந்துச்சு'ங்கறாரு. மூணு டேப்புலயும்." கையிலிருந்த கப்பை மேசையில் வைத்தாள். "கப்பக் கீழ வச்சுட்டுத்தான் பேசுறாரு."

காப்பக அட்டவணையில் மூவரையும் ஒருவர் என்று திருத்தப் போகிறேன் என்றாள். யோவ்னா மாமா அன்று மாலையே பனி ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். தொப்பியைக்கூட எடுக்கவில்லை.

"அக்கா, மூணு மாசந்தான். விசாரணை முடியட்டும். அப்புறம் உன் அப்பாவ ஒண்ணாக்கு, ரெண்டாக்கு, என்ன வேணா பண்ணு."

"காபி குடிக்கிறியா?"

"பேச்ச மாத்தாத. நீ பண்றது யாருக்கு லாபம் தெரியுமா? காத்தாடிக்காரனுக்கு. உன் மக கம்பி இழுக்க, நீ குழி வெட்டிக் குடுக்குற."

"மாமா, என்னை ஏன் இழுக்குறீங்க" என்றேன்.

"இழுக்குறதுதானடி உன் வேலை!"

அம்மா சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "யோவ்னா, எங்கப்பா உடம்பு கிடைக்கல. தெரியும்ல உனக்கு. கல்லறையில பேரு மட்டும்தான். இப்ப குரல் கிடைச்சிருக்கு. அதையும் மூணா வெட்டி மூணு பெட்டியில வச்சிருக்காங்க. நான் ஒண்ணாச் சேத்து வைக்காம யாரு வைப்பா?"

மாமா காபி குடித்துவிட்டுப் போனார். கதவருகே நின்று, "மூணு ஒண்ணாச்சு, நல்ல கணக்கு" என்றார்.

சிக்ருனுக்கு அம்மாவே போன் செய்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். "மூணு பேர் இல்லடி. ஒரே ஆளு. எங்கப்பா." அந்தப் பக்கம் காகிதம் புரட்டும் சத்தம். பிறகு, "பதினஞ்சு வருஷமா எங்கிட்ட யாரும் சொல்லலியே, அக்கா" என்று கேட்டது.

"நீ யார்கிட்டயும் எந்த வீட்டுல வச்சுப் பேசுனாங்கன்னு கேக்கலியே."

சிக்ருன் அழுதாள் என்று நினைக்கிறேன். ஆனால் மறுநாளே விசாரணைக் குழுவுக்கு எழுதிவிட்டாள்: என் அத்தியாயத்தில் மூன்று என்பது தவறு, ஒருவர் என்று கொள்ளவும். அவளுக்கு அது எளிதாக இருந்திருக்காது. கடிதத்தின் நகலை அம்மாவுக்கு அனுப்பினாள். அம்மா அதை ஆய்வேட்டுக்குள் அந்த அத்தியாயத்தில் செருகி வைத்தாள்.

இப்போது பள்ளத்தாக்குக்கு இருந்தது ஒரே குரல். எதிர்த்தரப்பு வக்கீல் அதை ஒரு கிழவரின் கதை என்று தள்ளிவிடுவார். திருத்தியது அம்மா, ஆகவே இரண்டாவது குரலைத் தேட வேண்டியதும் அவள்தான் என்று அவளே முடிவு செய்தாள். யாரும் கேட்கவில்லை.

காக்கைப் பள்ளத்தாக்கு என்று அட்டவணையில் தேடினால் தாத்தாவைத் தவிர ஒன்றும் வராது. அது ஒரு கோளாறு என்று நான் சொன்னேன்: ஆராய்ச்சியாளர் எதைக் கேட்டாரோ அந்தத் தலைப்பில்தான் டேப் பதிவாகும், பதிலில் வேறு என்ன வந்தாலும் ஏறாது. அம்மாவுக்கு இது முன்பே தெரியும். அவள் இடத்தைத் தேடவில்லை, மாதத்தைத் தேடினாள். மே மாதம் கூடாரத்தில் எதெல்லாம் நடக்கும் என்று யோசித்து, தலைப்பு தலைப்பாகக் கேட்டாள். பனி வெளிச்சம் கூசாமல் இருக்கப் போடும் கண்ணாடி. தோல் பதம் பண்ணுதல். ஞானஸ்நானம். எட்டு வாரம் காதில் ஹெட்போன். சாப்பிடும்போதுகூட, "பேசாத, ஓடிக்கிட்டிருக்கு" என்பாள், எதுவும் ஓடாதபோதும்.

கிடைத்தது "தொட்டில்" என்ற தலைப்பில். 1961. ஓர் ஆராய்ச்சியாளர் ஒரு பெண்ணிடம் தொட்டில் எந்த மரத்தில் செய்வீர்கள் என்று கேட்கிறார். அவள் மரத்தைச் சொல்லிவிட்டு, தன் மூத்த மகனுக்குத் தொட்டிலே இல்லை என்கிறாள். "காக்கைப் பள்ளத்தாக்குல மானுங்க கன்னு போடட்டும்னு உக்காந்திருந்தோம். எனக்கு இன்னும் ஒரு மாசம் இருக்குன்னு நெனச்சேன். மானுக்கு முன்னால நான் போட்டுட்டேன்." சிரிப்பு. பிறகு அந்தக் குழந்தைக்காகக் கட்டிய மெட்டைப் பாடிக் காட்டுகிறாள். சொல் இல்லாத மெட்டு, அரை நிமிடம். எங்களில் ஆளுக்கு ஒரு மெட்டு உண்டு, அதைப் பாடுவது அந்த ஆளையே பாடுவது.

அந்தக் குழந்தைதான் ஹெயிக்கா. இப்போது எண்பத்திரண்டு. ஹெத்தாவில் பெண் எடுத்து அங்கேயே தங்கியவர்.

யோவ்னா மாமா துள்ளினார். "உடனே குடு அக்கா, அனுப்பிடலாம். அம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, சட்டப்படி யார் சம்மதமும் தேவையில்லயாம், விசாரிச்சுட்டேன்."

"குழந்தைக்குக் கட்டுன மெட்டு அந்தக் குழந்தைக்குத்தான் சொந்தம். அவரு உசுரோட இருக்காரு. அவரக் கேக்காம அவரப் பாடி வக்கீலுக்குக் காட்டுறதா?"

"அந்தப் பகுதிய வெட்டிட்டு மீதியக் குடு."

"இன்னொருத்தர வெட்டச் சொல்றியா?"

சிக்கல், ஹெயிக்கா ஆராய்ச்சி என்றாலே கதவைச் சாத்துபவர். சிக்ருன் இரண்டு முறை போய்த் திரும்பியிருக்கிறாள். காரணம் ஊருக்கே தெரியும். அந்தத் தொட்டில் ஆராய்ச்சியாளர் மூன்று நாள் தங்கி, சாப்பிட்டு, கடைசி நாள் ஹெயிக்காவின் அம்மாவைக் கூடார வாசலில் நிறுத்திப் போட்டோ எடுத்தாராம். பிரதி அனுப்புகிறேன் என்றாராம். அனுப்பவில்லை. அந்த அம்மா சாகும்வரை தபால்காரரைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய வேறு போட்டோ கிடையாது.

அம்மா அந்தப் போட்டோவையும் தேடினாள். தொட்டில் படங்கள் என்று எழுதிய உறையில் நெகட்டிவ் இருந்தது. படத்தில் தொட்டில் இல்லை என்பதால் யாரும் பிரதி போடவில்லை. அச்சிட்டு, அட்டை வைத்து, மெழுகுத் தாளில் சுற்றினாள்.

விசாரணை திங்கட்கிழமை. ஹெயிக்காவைப் பார்க்க வெள்ளிக்கிழமை போவதாக இருந்தாள். போனில் சொல்லவில்லை. "போன்ல கேட்டா வேண்டாம்பாரு. வாசல்ல நின்னா காபி போட்டுத்தான ஆகணும்" என்றாள்.

புதன்கிழமை மதியம் காப்பகத்தில் அவள் அறையிலிருந்து டப் டப் என்று சத்தம் வந்ததாம். டேப் முடிந்து, சுருளின் வால் மெஷினில் அடித்துக்கொண்டிருந்தது. அம்மா காதில் ஹெட்போனோடு சாய்ந்திருந்தாள். இதயம் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை பெல்ட் மாற்றிய அதே மெஷினை நான் சோதித்தேன். பெல்ட் நன்றாகத்தான் இருக்கிறது. வேகம் சரி.

சுருள் எது என்று பார்த்தேன். வேலைக்கானது இல்லை. ஹெத்தாவில் எடுத்தது, காத்யாவின் இசாத்.

வியாழக்கிழமை யோவ்னா மாமா வந்தார். இந்தத் தடவை தொப்பியைக் கழற்றியிருந்தார். உலர்ந்த இறைச்சி கொண்டுவந்தார். விசாரணையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

"மாமா, திங்கக்கிழமைக்கு என்ன செய்வீங்க?"

"போயி உக்காருவேன். உன் தாத்தா பேசுவாரு. ஒருத்தர் ஒருத்தர்தான்." தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உங்கம்மா இல்லாம அந்த ஹெயிக்கா யாருக்கும் கதவு திறக்க மாட்டாரு. விடு."

அவர் போன பிறகு ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்தேன். அம்மாவின் கையெழுத்து. "வெள்ளி, ஹெயிக்கா. காசெட். போட்டோ. காபித்தூள் நம்மளுது, அவருது மட்டம். முதல்ல போட்டோ குடுக்கணும், கேள்வி அப்புறம். வேண்டாம்னா சரின்னு வந்துடணும்."

நான் அம்மா அளவுக்குத் துணிச்சல்காரி இல்லை. போன் செய்தேன்.

"யாரு?"

"ஐயா, நான் கௌதோகெய்னோவுல இருந்து பேசுறேன். ராவ்த்னா மக."

"ஆராய்ச்சியா?"

"இல்லீங்க. கரண்ட் கம்பி வேலை."

"இங்க கரண்ட் இருக்கே."

"ஒரு பொருள் குடுக்கணும், நாளைக்கு வரலாமான்னு…"

"எந்த ராவ்த்னா?"

"இசாத்தோட ராவ்த்னா."

"எந்த இசாத்?"

ஹென்ரிக்சென் என்று வாய்வரை வந்துவிட்டது. என் அடையாள அட்டையில் இருப்பது அதுதான். நான் பேசுவது எந்த வீட்டோடு என்று ஒரு நொடி யோசித்தேன்.

"காத்யாவோட இசாத்."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம். "அப்பிடிச் சொல்லு. உங்கம்மா வரலியா?"

"அத நேர்ல சொல்றேங்க."

"வா. ரோட்டுல காத்து அதிகம், மெதுவா வா" என்று வைத்துவிட்டார்.

இன்று வெள்ளி. எண்பது கிலோமீட்டர். போட்டோ முன் இருக்கையில், காபித்தூள் அதன் பக்கத்தில். காசெட்டைத் தொடக்கத்துக்குச் சுற்றி வைத்திருக்கிறேன். அவர் மெஷினுக்கும் பெல்ட் போயிருக்கலாம் என்று, ஜெர்மனியிலிருந்து வந்த உபரி ஒன்றையும் எடுத்துக்கொண்டேன்.